பொத்தான் உண்டு, பெயர் இல்லை: இணைய அணுகலுக்கு வேலூரிலிருந்து ஒரு வழிகாட்டி

வேலூர்க்காரர்கள் தங்கள் ஊரைத் தாங்களே கிண்டல் செய்துகொள்ள ஒரு பழைய பேச்சு வைத்திருக்கிறார்கள். ஆறு உண்டு, தண்ணீர் இல்லை. மலை உண்டு, மரம் இல்லை. கோட்டை உண்டு, ராஜா இல்லை. கோயில் உண்டு, சாமி இல்லை. 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்ததும் கடைசி வரி காலாவதியாகிவிட்டது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது முதல் வரியும் கொஞ்ச நாள் பொய்த்தது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

அதன் ஐந்தாவது வரியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் பெரியப்பா. குடியாத்தத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கிளாக்கோமாவால் பார்வை படிப்படியாகக் குறைந்து, இப்போது ஜன்னல் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது வரைக்கும்தான் தெரியும். ஆண்ட்ராய்டு கைப்பேசியை, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் பேசுவதைக் கேட்டே நடத்துகிறார். கண் பரிசோதனைக்காக வேலூர் வரவேண்டியிருந்தபோது, ஒரு நண்பரின் தங்கும் விடுதிக்காக நான் செய்துகொடுத்திருந்த இணையப்பக்கத்தில் தானே அறை பதிவு செய்துகொள்வதாகச் சொன்னார். நானும் பெருமையோடு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவர் விரலை நகர்த்த நகர்த்தக் கைப்பேசி சொன்னது: "அன்லேபிள்ட், பட்டன்." மறுபடியும், "அன்லேபிள்ட், பட்டன்." ஏழு முறை கேட்ட பிறகு கைப்பேசியை மேசைமேல் வைத்தார். "ஏழு பிள்ளை பெற்றவன் ஒன்றுக்குக்கூடவா பெயர் வைக்கவில்லை?" என்று கேட்டார்.

பொத்தான் உண்டு, பெயர் இல்லை. எனக்கு அன்று கிடைத்த பாடம் அவ்வளவுதான். இணைய அணுகல்தன்மை என்று பெரிய பெயரில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி, பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் அது இன்னது என்று நிரலிலேயே சொல்லிவைக்கும் வேலை. முதல் இணையதளத்தைக் கட்டிக்கொண்டிருக்கும் மாணவருக்கும், ஆம்பூரிலோ ஆற்காட்டிலோ ஒரு கடைக்குப் பக்கம் செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டவருக்கும் நான் கற்ற வரிசையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் திரையை அணையுங்கள்

விதிகளைப் படிப்பதற்கு முன் ஒரு ஸ்கிரீன் ரீடரை, அதாவது திரைவாசிப்பானை, நிறுவிக்கொள்ளுங்கள். விண்டோஸ் கணினி என்றால் என்விடிஏ. பார்வையற்ற நிரலாளரான மைக்கேல் கர்ரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது அது. அன்றும் இன்றும் இலவசம், திறந்த மூலம். ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் ஐபோனில் வாய்ஸ்ஓவரும் ஏற்கெனவே உள்ளேயே இருக்கின்றன.

ஓட்டுவதற்கு முன் பிரேக் எங்கே என்று தெரிந்துகொள்ள வேண்டும். என்விடிஏ பேசிக்கொண்டே போனால் கண்ட்ரோல் விசையைத் தட்டுங்கள், வாயை மூடிக்கொள்ளும். முழுவதும் வெளியேற இன்செர்ட் விசையோடு கியூ. டாக்பேக்கை இயக்கினால் கைப்பேசியின் பழக்கமே மாறிவிடும்: ஒரு முறை தொட்டால் படிக்கும், இரண்டு முறை தட்டினால்தான் வேலை நடக்கும், பக்கத்தை நகர்த்த இரண்டு விரல் வேண்டும். இது தெரியாமல் இயக்கிவிட்டு, அணைக்கத் தெரியாமல் கைப்பேசியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. ஒலியளவு விசைகள் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும் குறுக்குவழி ஒன்று அமைப்புகளில் இருக்கிறது. அதை முதலில் இயக்கிவைத்துவிட்டுப் பிறகு விளையாடுங்கள்.

இனி நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, திரையின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, அரை மணி நேரம் காதால் மட்டும் உலவுங்கள். என்விடிஏயில் எச் விசை தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவும். கே விசை இணைப்புகளுக்கு, பி (B) விசை பொத்தான்களுக்கு, எஃப் விசை படிவப் பெட்டிகளுக்கு. ஈஸ்பீக் என்ற இலவசத் தமிழ்க் குரல் அதோடு வருகிறது. அழகான குரல் என்று சொல்லமாட்டேன். தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து யாரோ செய்தி வாசிப்பது போல இருக்கும். ஆனால் பழகியவர்கள் அதை நம்மால் பின்தொடரவே முடியாத வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார்கள். பெரியப்பா கேட்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடுவதில்லை.

அடுத்த அரை மணி நேரம் கண்ணைத் திறந்துகொள்ளுங்கள், ஆனால் சுட்டியைக் கழற்றி வையுங்கள். டேப் விசையால் மட்டும் பக்கத்தைச் சுற்றிவர வேண்டும். நீங்கள் எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைக் காட்டும் கோடு எப்போதும் தெரிகிறதா? பல வடிவமைப்பாளர்கள் அந்தக் கோடு அழகைக் கெடுக்கிறது என்று, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் ஒரே வரியில் அழித்துவிடுகிறார்கள். நானும் அழித்திருக்கிறேன். இருட்டில் படியிறங்குகிறவரின் கைப்பிடியைக் கழற்றும் வேலை அது.

சுட்டி பிடிக்க முடியாதவர்கள் யார் என்று யோசிக்க வேலூர்க்காரருக்கு அதிக நேரம் ஆகக்கூடாது. சிஎம்சி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகும், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். பிறகு அங்கேயே மறுவாழ்வு மருத்துவத் துறையை வழிநடத்தினார். விரல் மடங்கிய கை, உணர்ச்சி போன கை, வாதத்தில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட கை எல்லாமே நம் ஊர்த் தெருக்களில் பார்த்துப் பழகியவை. அந்தக் கைகளும் ரயில் டிக்கெட் எடுக்கின்றன. ஆகவே பொத்தான்களைக் கொசுமுட்டை அளவில் வைக்காதீர்கள். உலகளவில் பின்பற்றப்படும் விதித் தொகுப்பு, தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் இருக்கச் சொல்கிறது. நான் அதைப்போல இரண்டு மடங்கு வைக்கிறேன். கட்டைவிரலுக்கு அதுவே நிம்மதி.

விதித் தொகுப்பு என்றேனே, அதையும் இங்கேயே அறிமுகப்படுத்திவிடுகிறேன். டபிள்யூ.சி.ஏ.ஜி. என்பது பெயர். டபிள்யூ3சி என்ற இணையத் தர அமைப்பு வெளியிடுகிறது. முதல் பதிப்பு 1999, இரண்டாவது 2008, அதன் நீட்சியாக 2.1 பதிப்பு 2018இலும் 2.2 பதிப்பு 2023இலும் வந்தன. ஏ, ஏஏ, ஏஏஏ என்று மூன்று நிலைகள். நடைமுறையில் எல்லோரும் கேட்பது நடுவில் உள்ள ஏஏ. 2.2 பதிப்பில் 86 விதிகள் இருக்கின்றன. மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். அகராதியைப் போல வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது புரட்டினால் போதும்.

பக்கத்துக்கு மொழி சொல்லுங்கள்

எல்லாவற்றிலும் சின்ன வேலை இது, பலன் பெரியது. பக்கத்தின் நிரல் இருக்கும் எச்டிஎம்எல் கோப்பின் தொடக்கக் குறியிலேயே லாங் (lang) என்று ஒரு பண்பு இருக்கிறது. அதில் தமிழுக்கு டி, ஏ (ta) என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளை இட வேண்டும். இணையத்தில் கிடைக்கும் இலவச வார்ப்புருவை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள் உள்ளே இருக்கும் வாசகங்களை மட்டும் தமிழாக்கிவிட்டு இந்த இரண்டு எழுத்தை மறந்துவிடுகிறார்கள். அது ஆங்கிலம் என்றே நின்றுவிடுகிறது. பிறகு திரைவாசிப்பான் தமிழ் வரிகளை ஆங்கிலக் குரலிடம் கொடுக்கிறது. அந்தக் குரலுக்குத் தமிழ் தெரியாவிட்டால் மௌனமாகத் தாண்டிப் போய்விடும், அல்லது எழுத்துக் குறிகளை ஒவ்வொன்றாக உளறும்.

வேலூரில் விடுதிப் பக்கம் செய்கிறவர்களுக்கு இதில் இரண்டாம் பாடமும் உண்டு. மருத்துவமனைக்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்களுக்காக இங்கே கடைப் பலகைகள் வங்காளத்திலும் இந்தியிலும் தொங்குகின்றன. இணையப்பக்கத்திலும் நாம் அப்படியே செய்கிறோம்: மேலே தமிழ், நடுவில் ஆங்கிலம், கீழே வங்காளம். அப்படியானால் அந்தந்தப் பத்திக்கும் அதற்குரிய லாங் பண்பைத் தனியாகக் கொடுங்கள். வங்காளத்துக்கு பி, என் (bn). இந்திக்கு எச், ஐ (hi). திரைவாசிப்பான் அந்த இடத்தில் குரலை மாற்றிக்கொள்ளும்.

தலைப்புகள்

எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் அது தலைப்பு ஆகிவிடாது. எச்1 முதல் எச்6 வரை உள்ள குறிகளைப் பயன்படுத்தினால்தான் எச் விசை அங்கே போய் நிற்கும். பக்கத்துக்கு ஒரு எச்1, அதன் கீழ் எச்2, அதற்குள் எச்3. அளவு பிடிக்கவில்லை என்றால் சிஎஸ்எஸ்ஸில் மாற்றுங்கள். அளவுக்காகப் படிநிலையைத் தாண்டாதீர்கள். இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

பொத்தான், பெட்டி, பெயர்

என் ஏழு பிள்ளைகள் கதைக்கு வருகிறேன். அவற்றில் நான்கு, பொத்தானே அல்ல. டிவ் என்ற வெறும் பெட்டிக்கு வண்ணம் பூசி, தட்டினால் ஓடும்படி ஜாவாஸ்கிரிப்ட் கட்டி, திரைவாசிப்பானுக்கு மட்டும் தகவல் சொல்லும் ஏரியா பண்பு ஒன்றை ஒட்டிப் 'பொத்தான்' என்று வேடம் போட்டிருந்தேன். கண்ணுக்குப் பொத்தான். ஆனால் டேப் விசை அதன்மேல் நிற்காது, என்டர் விசைக்கு அசையாது. பட்டன் என்று எச்டிஎம்எல்லிலேயே ஒரு குறி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் டேப், என்டர், ஸ்பேஸ் எல்லாம் ஒரு வரி நிரலும் இல்லாமல் இலவசமாக வருகின்றன. வேறொரு பக்கத்துக்குப் போவதென்றால் இணைப்பு, இங்கேயே ஒரு வேலை நடப்பதென்றால் பொத்தான்; இந்த ஒரு வரியைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டாலும் தகும்.

மீதி மூன்று உண்மையான பொத்தான்கள்தாம், ஆனால் உள்ளே வெறும் சின்னம்: பூதக்கண்ணாடி, மூன்று கோடு, பெருக்கல் குறி. பார்க்கிறவருக்குத் தேடல், பட்டியல், மூடு என்று புரியும். கேட்கிறவருக்கு ஒன்றுமில்லை. பொத்தானுக்குள் 'தேடு' என்ற சொல்லையே எழுதிவிடுவது நல்ல வழி. இடமே இல்லை என்றால் ஏரியா-லேபிள் என்ற பண்பில் அந்தச் சொல்லை வைக்கலாம். ஏரியா என்றதும் சத்துவாச்சாரியா, காகிதப்பட்டறையா என்று கேட்க வேண்டாம். திரைவாசிப்பானுக்குக் கூடுதல் தகவல் தரும் பண்புகளின் தொகுதிக்கு அதுதான் பெயர். அதை அளவோடு பயன்படுத்துங்கள். எச்டிஎம்எல்லில் ஏற்கெனவே இருக்கும் குறி அந்த வேலையைச் செய்யுமானால் ஏரியா வேண்டாம் என்பதே அந்தத் தொகுதியின் முதல் விதி. உப்பு போலத்தான். முற்றிலும் இல்லாவிட்டால் ஏதோ சாப்பிட்டுவிடலாம், கூடிப்போனால் இலையை மூடிவிட்டு எழவேண்டியதுதான்.

படிவப் பெட்டிகளிலும் இதே கதை. பெட்டிக்குள் மங்கலாகத் 'தொலைபேசி எண்' என்று எழுதிவைத்துவிட்டு, பெட்டிக்கு வெளியே எதுவும் எழுதாமல் விடுவது இன்றைய நாகரிகம். தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அந்த வாசகம் மறைந்துவிடும். பாதியில் யாராவது கூப்பிட்டுத் திரும்பி வந்தவருக்கு எந்தப் பெட்டி எதற்கு என்று மறந்திருக்கும். அவருக்குக் கண் நன்றாகவே தெரிந்தாலும்கூட. லேபிள் குறியைப் போட்டு, அதன் ஃபார் பண்பும் பெட்டியின் ஐடியும் ஒன்றாக இருக்கும்படி முடிச்சுப் போடுங்கள். கூடுதல் லாபம் ஒன்று: பெயரைத் தொட்டாலே பெட்டி திறக்கும், கை நடுங்குகிறவர்களுக்கு இலக்கு பெரிதாகிறது.

தவறு நேர்ந்தால் பெட்டியைச் சிவப்பாக்குவதோடு நிற்காதீர்கள். எது தவறு, எப்படித் திருத்துவது என்று சொற்களில் எழுதுங்கள். 'தவறான உள்ளீடு' என்பது திட்டுவது போல இருக்கிறது. 'எண்ணில் 9 இலக்கங்களே உள்ளன, 10 வேண்டும்' என்பது உதவி.

நேரக்கெடுவிலும் கவனம் வேண்டும். குறுஞ்செய்தியில் வரும் கடவு எண்ணை 30 வினாடிக்குள் இடச் சொன்னால், செய்தியைத் திறந்து, கேட்டு, நினைவில் வைத்து, பக்கத்துக்குத் திரும்பி, பெட்டியைக் கண்டுபிடிப்பதற்குள் பெரியப்பாவுக்கு நேரம் முடிந்துவிடும். நீட்டித்துக்கொள்ள வழி கொடுங்கள்.

படங்களுக்கு என்ன எழுதுவது

ஆல்ட் என்ற பண்பில் படத்துக்கு மாற்றாக ஒரு வாசகம் எழுத வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். என்ன எழுதுவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். படம் அந்த இடத்தில் எதற்காக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டால் விடை கிடைத்துவிடும். வேலூர்க் கோட்டைப் படத்தையே எடுத்துக்கொள்வோம். விடுதியிலிருந்து கோட்டை பக்கம் என்று காட்டுவதற்காக வைத்திருந்தால், 'விடுதி மாடியிலிருந்து தெரியும் வேலூர்க் கோட்டை' என்பது போதும். 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்ப் புரட்சி பற்றிய பாடத்தில் அதே படம் என்றால், அகழியையும் கருங்கல் மதிலையும் சொல்ல வேண்டியிருக்கும். பக்கத்தின் ஓரத்தில் வெறும் அலங்காரமாக இருந்தால் ஆல்ட் பண்பை வெறுமையாக விடுங்கள். திரைவாசிப்பான் பேசாமல் தாண்டிப் போகும். பண்பையே எழுதாமல் விடுவது வேறு, எழுதி வெறுமையாக விடுவது வேறு. பண்பே இல்லாவிட்டால் சில நேரம் கோப்பின் பெயரைப் படிக்கத் தொடங்கிவிடும், கேமரா வைத்த எண்ணோடு சேர்த்து.

'படம்' என்றோ 'புகைப்படம்' என்றோ தொடங்க வேண்டாம். படம் என்பதை அதுவே சொல்லிவிடும்.

எல்லாவற்றையும்விட மோசம், விலைப்பட்டியலையே ஒரு சுவரொட்டிப் படமாக ஏற்றுவது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய அதே படத்தை இணையப்பக்கத்திலும் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்கிறார்கள். பிரியாணிக் கடையானாலும் லுங்கிக் கடையானாலும் பட்டியலை எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். தேடுபொறிக்கும் அது எழுத்தாக இருந்தால்தான் எளிது என்று சொன்னால் கடைக்காரர் உடனே ஒத்துக்கொள்வார். எனக்குப் பலித்த வாதம் இது ஒன்றே.

மஞ்சளும் சிவப்பும்

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாட்டை ஒரு விகிதமாகக் கணக்கிடுகிறார்கள். கறுப்பும் வெள்ளையும் 21க்கு 1, அதுவே உச்சம். சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 இருக்க வேண்டும் என்பது ஏஏ நிலை.

நிரலாளர்கள் ரசிக்கும் ஒரு வேடிக்கை இதில் உண்டு. வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற நிறக்குறியீடு தரும் சாம்பல் நிறம் 4.48, தோல்வி. ஒரே ஒரு படி கறுத்த 767676 என்பது 4.54, தேர்ச்சி. கண்ணால் பார்த்து எவராலும் பிரித்துச் சொல்ல முடியாத இரண்டு சாம்பல்களுக்கு நடுவில் எல்லைக்கோடு ஓடுகிறது. 'மென்மையாக இருக்கிறது' என்று வடிவமைப்பாளர்கள் விரும்பும் 999999 வெறும் 2.85தான்.

நம் ஊர் வேடிக்கை வேறு. திருமணப் பத்திரிகையிலிருந்து கட்சிச் சுவரொட்டி வரை மஞ்சளில் சிவப்பு எழுத்து நமக்குக் கண்ணில் ஊறிய சேர்க்கை. கணக்குப் போட்டால் கலப்பில்லாத மஞ்சளில் கலப்பில்லாத சிவப்பு ஏறத்தாழ 3.7. பெரிய எழுத்துத் தலைப்புக்குத் தாங்கும், கீழே உள்ள முகவரிக்குத் தாங்காது. வெள்ளையில் அதே சிவப்பும் 4ஐத் தொட்டு நின்றுவிடும். அதற்காக மங்கலத்தைக் கைவிட வேண்டியதில்லை. சிவப்பை அரக்கு நிறத்துக்கு இறக்கினால் மஞ்சளின்மேல் 10ஐத் தாண்டிவிடுகிறது, பார்க்கவும் பட்டுப்புடவைக் கரை போல இருக்கும். காலியான அறை பச்சை, நிரம்பிய அறை சிவப்பு என்று நிறத்தால் மட்டும் பிரித்துக்காட்டாமல் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிற ஆண்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

தமிழுக்கே உரிய கண்ணிகள்

ஆங்கில வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பழைய எழுத்துருக்கள். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்தோம். அவற்றில் கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி. பாமினியில் 'தமிழ்' என்று தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. திரைவாசிப்பான் முகமூடியைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. என்றாலும் அச்சகத்திலிருந்து வரும் கோப்புகளில் இன்றும் பழைய எழுத்துரு எட்டிப்பார்க்கிறது. பக்கத்தில் ஏற்றும் முன் ஒரு வரியை நகலெடுத்து வெறும் குறிப்பேட்டுச் செயலியில் ஒட்டிப்பாருங்கள். தமிழாகவே நின்றால் சரி. ஆங்கிலக் குப்பையாக மாறினால் எழுத்துரு மாற்றிக் கருவி ஒன்றில் கொடுத்து யூனிகோடாக்குங்கள்.

இரட்டைப் பிறவிகள். 'ஔவையார்' என்பதும் 'ஒளவையார்' என்பதும் உங்கள் கண்ணுக்கு ஒன்று. முதலாவது ஔ என்ற ஒரே எழுத்தில் தொடங்குகிறது. இரண்டாவது ஒ, ள என்ற இரண்டு எழுத்தில். குரல் அதை 'ஒ-ள-வையார்' என்று படிக்கும். 'கௌரி'யையும் இப்படியே கெ, ள என்று அடித்து 'கெளரி' ஆக்கிவிடுகிறார்கள். பெரியப்பா தமிழாசிரியர் என்பதால் இதை முதல் நாளே பிடித்தார். எனக்கு அரை மணி நேர இலக்கண வகுப்பும் கிடைத்தது. எண்களிலும் இந்த ஆள்மாறாட்டம் உண்டு. தமிழ் எண் ௧ பார்ப்பதற்கு க போல, ௭ பார்ப்பதற்கு எ போல இருக்கும். விசைப்பலகையில் தவறித் தட்டினால் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

ஸ்ரீ இன்னும் நுட்பமானது. யூனிகோடு 4.1 பதிப்பில், 2005ஆம் ஆண்டு, ஶ என்ற எழுத்து தனியாகச் சேர்ந்தது. அதன் பிறகு ஸ்ரீயை ஸ வழியாகவும் எழுதலாம், ஶ வழியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். விடுதிப் பக்கத்தில் 'அருகில் உள்ள இடங்கள்' என்று ஒரு தேடல் பெட்டி வைத்திருந்தேன். பொற்கோயில் இருக்கும் ஸ்ரீபுரத்தைத் தேடினால் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. நிரலைப் பொறுத்தவரை அவை இரண்டு ஊர்கள். தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளும் நான்கு வரி நிரல் எழுதி முடித்தேன். காரணத்தைக் கண்டுபிடிக்க ஆனது இரண்டு இரவு.

நீளமும் உயரமும். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடிகிற பொத்தான் தமிழில் 'முன்பதிவை உறுதிசெய்க' என்று நீளும். அகலத்தைப் பிக்சலில் கட்டிப்போட்டால் பாதிச் சொல் வெட்டுப்படும். உயரத்தைக் கட்டிப்போட்டால் மேலே இகர விசிறியும் கீழே உகரக் கொக்கியும் அறுபடும். வரி இடைவெளியை எழுத்தளவில் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். பிறகு உலாவியில் பக்கத்தை இருமடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். எதுவும் மறையவில்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை என்றால் தேர்ச்சி.

பத்து இலக்கத் தொலைபேசி எண்ணை இடைவெளியில்லாமல் எழுதினால் சில குரல்கள் அதை ஒரே தொகையாக எடுத்துக்கொண்டு கோடி, லட்சம் என்று வாசிக்கத் தொடங்கும். ஐந்து ஐந்தாகப் பிரித்து எழுதுங்கள். தொட்டால் அழைக்கும் இணைப்பாகவும் ஆக்கிவிடுங்கள். விலையின் முடிவில் சாய்கோடும் சிறுகோடும் போடும் ரசீதுப் பழக்கத்தையும் விட்டுவிடலாம். ரூபாய் 850 என்றால் 850தான்.

சோதனை

குரோம் உலாவியில் லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி உள்ளேயே இருக்கிறது. வேவ், ஆக்ஸ் இரண்டையும் நீட்சிகளாகச் சேர்க்கலாம். மூன்றும் பெயரில்லாப் பொத்தான், லேபிள் இல்லாப் பெட்டி, மங்கல் எழுத்து ஆகியவற்றை நொடியில் காட்டிவிடும். இவ்வளவு எளிதாகக் கிடைத்தும் நிலைமை எப்படி என்றால், வேவ் கருவியை உருவாக்கிய வெப்எய்ம் 2025இல் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது 94.8 சதவீதத்தில் தானாகக் கண்டறியக்கூடிய பிழைகள் இருந்தன. முதலிடம் மங்கல் எழுத்துக்கு.

ஆனால் கருவி தரும் 100 மதிப்பெண்ணை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கோட்டைப் படத்துக்கு ஆல்ட் பண்பில் 'மட்டன் பிரியாணி' என்று எழுதினாலும் கருவி பச்சைக்கொடி காட்டும். வாசகம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியும், அது சரியா என்று தெரியாது. அதற்கு ஆள் வேண்டும். திரைவாசிப்பானைத் தினமும் பயன்படுத்துகிற ஒருவரிடம் கொடுத்து, 'நாளைக்கு ஓர் அறை பதிவு செய்யுங்கள்' என்று ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் கவனியுங்கள். 'அங்கே இல்லை, கீழே' என்று சொல்லத் துடிக்கும், நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லத் துடித்த இடங்களே உங்கள் திருத்தப் பட்டியல். அவர் நேரத்துக்குக் கூலி கொடுங்கள். பெரியப்பாவுக்கு நான் கொடுப்பது ஆற்காட்டு மக்கன் பேடா, ஆனால் அது குடும்பக் கணக்கு.

வாடிக்கையாளர் 'இதெல்லாம் கட்டாயமா' என்று கேட்டால் சட்டத்தைச் சொல்லலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களை ஏற்கிறது. மின்னணுத் தகவலை அணுகும் வசதி பற்றியும் பேசுகிறது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் அணுகலை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையோடு சேர்த்துத் தீர்ப்பளித்தது. நான் பெரும்பாலும் சட்டம் வரை போவதில்லை. என்விடிஏயை இயக்கி, அவருடைய கடைப் பக்கத்தை அவர் காதுக்கே ஓடவிடுகிறேன்.

விடுதிப் பக்கத்தின் ஏழு பொத்தான்களுக்கும் இப்போது பெயர் இருக்கிறது. பெரியப்பா அடுத்த முறை வந்தபோது, தேதி தேர்ந்தெடுக்கும் நாட்காட்டியில் மாட்டிக்கொண்டார்: உள்ளே போன விரலால் வெளியே வர முடியவில்லை, ஒவ்வொரு கட்டத்திலும் வெறும் எண், மாதம் எது என்று சொல்ல ஆளில்லை. நாட்காட்டியைத் தூக்கிவிட்டு நாள், மாதம், ஆண்டு என்று மூன்று எளிய பெட்டிகள் வைத்தேன். இரண்டு நிமிடத்தில் பதிவு முடிந்தது. உறுதிச் செய்தியைக் கேட்டுவிட்டு, 'முன்பதிவு வெற்றி பெற்றது' என்பதில் யார் யாரை வென்றார்கள் என்று கேட்டார். அதை இன்னும் மாற்றவில்லை. 'அறை உங்களுக்காக வைக்கப்பட்டுள்ளது' என்று எழுதலாம் என்றிருக்கிறேன்.